அப்பாவின் 9, தம்பியின் 5: பழைய பாணி மின்விளையாட்டுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் விளையாட்டு வடிவமைப்பு படிக்கும் நான், இரண்டு நண்பர்களுடன் சேர்ந்து இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக ஒரு சிறிய மின்விளையாட்டைச் செய்தேன். 1980களின் பாணியில் சதுரம் சதுரமான பிக்சல் படங்கள், ‘பீப் பீப்’ இசை, இரண்டே பொத்தான்கள். ஒப்படைப்பதற்கு முதல் வாரம் அதை வீட்டில் இருவரிடம் கொடுத்துப் பார்த்தேன்.

ஜோகூரில் வளர்ந்த அப்பா, சிறுவயதில் ‘மைக்ரோ ஜீனியஸ்’ பெட்டியில் விளையாடியவர். கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் வாங்கியதுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பத்துக்கு 9 கொடுத்தார். உயர்நிலை இரண்டில் படிக்கும் தம்பி முதல் குழியிலேயே ஆறு முறை விழுந்தான். “என்ன செய்யணும்னு எங்கேயுமே சொல்லலையே அண்ணா?” என்று கேட்டுவிட்டு 5 கொடுத்தான். இரண்டுக்கும் சராசரி 7. ஆனால், அந்த 7 என்ற எண் அப்பாவின் கருத்தும் இல்லை, தம்பியின் கருத்தும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. பழைய பாணி விளையாட்டுக்கு விமர்சகர்கள் மதிப்பெண் போடும்போது உண்மையில் எதை அளக்கிறார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு மட்டும் உரியதன்று. 2025இல் மட்டும் ‘நிஞ்சா கெய்டன்: ரேஜ்பவுண்ட்’ ஜூலை கடைசியிலும் ‘ஷினோபி: ஆர்ட் ஆஃப் வெஞ்சன்ஸ்’ ஆகஸ்டிலும் வெளிவந்தன. இரண்டுமே அப்பா காலத்துப் பெயர்கள். இரண்டுமே பக்கவாட்டில் ஓடித் தாவிச் சண்டையிடும் பழைய வகை. பழையதைப் புதிதாகச் செய்து விற்பது இன்று ஒரு தனிச் சந்தை. நம் கைச்செலவுப் பணத்தில் எதை வாங்குவது என்று முடிவெடுக்கும்போது, நம்மில் பலர் முதலில் பார்ப்பது அந்த ஒற்றை எண்ணைத்தான்.

அசல் போலவா, நினைவு போலவா?

விமர்சகர் எதிர்கொள்ளும் முதல் சிக்கல், ‘பழைய பாணி’ என்றால் என்ன என்பதே. இதற்கு இரு வேறு விடைகளாக இரண்டு விளையாட்டுகளை ஒப்பிடலாம்.

2008இல் ஜப்பானிய நிறுவனமான கேப்காம் ‘மெகா மேன் 9’ விளையாட்டை வெளியிட்டது. உயர்தரப் படங்கள் சாதாரணமாகிவிட்ட காலத்தில், அது வேண்டுமென்றே 1980களின் எட்டு பிட் தோற்றத்துக்குத் திரும்பியது. பழைய நிண்டெண்டோ பெட்டியால் ஒரே கிடைக்கோட்டில் எட்டுக்கு மேற்பட்ட நகரும் உருவத் துண்டுகளைக் காட்ட முடியாது. அதற்கு மேல் போனால் உருவங்கள் மினுக்கும். ‘மெகா மேன் 9’ அந்தக் குறையைக்கூட விட்டுவிடவில்லை. விரும்பினால் மினுக்கலையும் வேகத் தடங்கலையும் வரவழைத்துக்கொள்ளும் வசதியைத் தந்தது.

2014இல் வந்த ‘ஷவல் நைட்’ வேறு வழியில் சென்றது. கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 75,000 அமெரிக்க டாலர் கேட்டு, 3 லட்சத்துக்கும் அதிகமாகத் திரட்டிய யாட் கிளப் கேம்ஸ் என்னும் சிறு குழுவின் படைப்பு அது. பார்ப்பதற்கு அதுவும் எட்டு பிட் விளையாட்டுதான். ஆனால், பழைய பெட்டியின் விதிகளை எங்கெங்கே மீறினோம் என்று அந்தக் குழுவினரே வெளிப்படையாக எழுதினார்கள். அகலத் திரை, பழைய வண்ணப் பட்டியலில் இல்லாத சில நிறங்கள், மினுக்காத உருவங்கள் என்று அந்த மீறல்கள் நீண்டன. இத்தனை உயிர்கள்தான் என்ற கணக்கும் இல்லை. இறந்தால் கொஞ்சம் பணம் கீழே விழும். திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது பழைய விளையாட்டு இருந்த விதத்தைத் தருகிறது. இரண்டாவது அது நம் நினைவில் இருக்கும் விதத்தைத் தருகிறது. நினைவில் மினுக்கல் இருப்பதில்லை. இடைவேளையில் அம்மா சாப்பிடக் கூப்பிட்ட குரலும் வென்ற மகிழ்ச்சியும்தான் இருக்கின்றன. இரண்டு விளையாட்டுகளையும் விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால், இரண்டுக்கும் ஒரே அளவுகோலைப் பிடித்தால் ஏதாவது ஒன்றுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். நல்ல விமர்சகர், “இந்த விளையாட்டு எதைச் செய்யப் புறப்பட்டது? அதைச் செய்ததா?” என்று முதலில் கேட்கிறார். “அது புறப்பட்ட வழி எனக்குப் பிடிக்கிறதா?” என்பது அதற்கு அடுத்த கேள்வி.

கடினம் குணமா, குறையா?

இரண்டாவது சிக்கல் கடினம். பழைய விளையாட்டுகள் கடினமாக இருந்ததற்குக் காரணங்கள் உண்டு. பல விளையாட்டுகளின் வேர் காசு போட்டு ஆடும் கடைகளில் இருந்தது. ஆட்டக்காரர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். வீட்டுப் பெட்டிகளின் நினைவகமும் மிகச் சிறியது. அதில் அடங்கிய சில கட்டங்களை வைத்துப் பல வாரம் விளையாட வைக்க வேண்டுமென்றால், கட்டங்களைக் கடினமாக்குவது எளிய வழி. இன்று அந்தக் காரணங்கள் இல்லை. அப்படியானால் அந்தக் கடினம் மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

2018இல் வந்த ‘செலஸ்ட்’ இதற்குக் கொடுத்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. மலை ஏறும் ஒரு பெண்ணின் கதை அது. முதலில் நான்கே நாளில் செய்யப்பட்ட ஒரு குட்டி விளையாட்டாக இருந்து, பிறகு முழு விளையாட்டாக வளர்ந்தது. நூற்றுக்கணக்கான முறை விழுவோம். ஆனால், விழுந்த அதே அறையில் கண் இமைக்கும் நேரத்தில் மீண்டும் எழுந்துவிடுவோம். அதுவும் முடியாதவர்களுக்கு ‘உதவி முறை’ ஒன்று உண்டு. வேகத்தைக் குறைக்கலாம், களைப்பே இல்லாமல் ஏறலாம், அடியே படாமலும் செல்லலாம். அந்த ஆண்டின் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த சுயேச்சை விளையாட்டுக்கான விருதை அது பெற்றது.

அதற்கு முந்திய ஆண்டு வந்த ‘கப்ஹெட்’ வேறு விதம். 1930களின் கேலிச்சித்திரப் படங்களைப் போலக் கையால் வரையப்பட்ட அதில் எளிய முறை இருந்தது. ஆனால், எளிய முறையில் மட்டும் ஆடினால் கதையின் முடிவைப் பார்க்க முடியாது. அது வெளியாவதற்கு முன்பு, ஓர் அமெரிக்கச் செய்தியாளர் பயிற்சிக் கட்டத்திலேயே தடுமாறிய காணொளி பரவியது. “விளையாடவே தெரியாதவர் எப்படி விமர்சிக்கலாம்?” என்று இணையமே அவரைக் கேலி செய்தது. அவர் எழுதியது மதிப்பெண் போட்ட விமர்சனமல்ல, ஒரு முன்னோட்டம்தான் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. விமர்சகர் திறமைசாலியாக இருந்தால், பத்தாவது மணி நேரத்தில்தான் தெரியும் நுட்பத்தைச் சொல்வார். சுமாரானவராக இருந்தால், முதல் பத்து நிமிடத்தில் ஒரு புதியவர் எங்கே தடுக்கி விழுவார் என்பதைச் சொல்வார். வாசகருக்கு இரண்டும் தேவை. தான் எந்த வகை என்பதை விமர்சகர் மறைக்காமல் சொல்லிவிட்டால் போதும். என் தம்பியின் ஆறு விழுதல்கள்தான் எங்கள் விளையாட்டின் மிகப் பெரிய பிழையை எனக்குக் காட்டிக்கொடுத்தன.

யாருடைய ஏக்கம்?

மூன்றாவது சிக்கல்தான் மிக நுட்பமானது: பழைய நாள்களுக்கான ஏக்கம். விமர்சகரே அந்தக் காலத்துப் பிள்ளை என்றால், திரையில் முதல் பிக்சல் தெரிந்ததுமே மதிப்பெண்ணில் ஒன்று கூடிவிடும். 2010க்குப் பிறகு பிறந்த வாசகருக்கு அந்தக் கூடுதல் ஒன்று செல்லாத நாணயம்.

ஏக்கம் சிலவற்றை மறைக்கவும் செய்யும். ‘கப்ஹெட்’ பின்பற்றிய 1930களின் அமெரிக்கக் கேலிச்சித்திரங்களில் கறுப்பின மக்களை இழிவாகக் காட்டும் உருவங்கள் நிறைய இருந்தன. அந்த இழிவான உருவங்களை விட்டுவிட்டுப் பாணியை மட்டும் எடுத்தால் போதுமா என்று சில விமர்சகர்கள் கேட்டார்கள். மதிப்பெண்ணில் அடங்காத அந்தக் கேள்வியை எழுப்பியது, விமர்சனத்தின் மிக நல்ல பணிகளில் ஒன்று.

2024 செப்டம்பரில் வந்த ‘யுஎஃப்ஓ 50’ இந்த ஏக்கத்தோடே விளையாடுகிறது. 1980களில் இருந்ததாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு நிறுவனம் வெளியிட்டதாகச் சொல்லப்படும் ஐம்பது விளையாட்டுகள் அதில் இருக்கின்றன. இல்லாத நிறுவனம், நடக்காத வரலாறு. ஆகவே அதைச் சிறுவயதில் விளையாடிய நினைவு யாருக்கும் இருக்க முடியாது. இங்கே அப்பாவும் தம்பியும் ஒரே கோட்டில் நின்று தொடங்குகிறார்கள். ஆனால், விமர்சகருக்கு வேறு தலைவலி வருகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஐம்பது பானைகள் இருந்தால்? சிலவற்றில் மூழ்கி, சிலவற்றைத் தொட்டுப் பார்த்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் எண் போட வேண்டியிருக்கிறது.

சராசரி என்னும் மாயம்

இப்படிப் பல்வேறு மனிதர்கள் பல்வேறு காரணங்களுக்காகப் போட்ட எண்களை, 2001இல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் போன்ற தளங்கள் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாக்குகின்றன. அது வெறும் சராசரியும் அன்று. சில ஏடுகளுக்குக் கூடுதல் எடை உண்டு; எந்த ஏட்டுக்கு எவ்வளவு என்பதை அந்தத் தளம் வெளியிடுவதில்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் 80 ஆகிறது. மதிப்பெண்ணே போடாத விமர்சனம் எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும் கணக்கில் சேராது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அங்கே 70 மதிப்பெண் பெற்ற திரைப்படத்துக்குப் பச்சை நிறம். அதே 70 பெற்ற மின்விளையாட்டுக்கு மஞ்சள் நிறம். ஏனெனில் விளையாட்டுகளுக்குப் பச்சை 75இல்தான் தொடங்குகிறது. பள்ளியில் 70 வாங்கினால் வீட்டில் பாராட்டு கிடைக்கும். மின்விளையாட்டு உலகில் 70 என்றால் பலரும் “அப்படியா?” என்று கடந்து போய்விடுவார்கள்.

இதில் பாதிக்கப்படுவது வாசகர் மட்டுமல்லர். 2010இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ பழைய பாணி விளையாட்டு அன்று, ஆனால், இந்தப் பேச்சில் அதை விட முடியாது. மெட்டாகிரிட்டிக்கில் 85 கிடைத்தால் அதை உருவாக்கிய ஒப்சிடியன் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம். கிடைத்ததோ 84. அந்த நிறுவனத்தின் முன்னணி வடிவமைப்பாளர் கிறிஸ் அவலோன் 2012இல் இதைச் சொன்னபோது பலர் திடுக்கிட்டார்கள். ஒரே ஒரு புள்ளி, பலருடைய உழைப்பின் பலனைத் தீர்மானித்தது. நாளை இந்தத் துறையில் வேலைக்குப் போக நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது வெறும் செய்தியன்று.

மதிப்பெண்ணையே தூக்கி எறிந்து பார்த்தவர்களும் உண்டு. பிரிட்டனின் யூரோகேமர் 2015இல் பத்துக்கு இத்தனை என்பதைக் கைவிட்டது. 2023இல் ஐந்து நட்சத்திர முறைக்கு வந்துசேர்ந்தது. எண்ணை வெறுப்பது எளிது. எண் இல்லாமல் வாசகரைப் பிடித்து வைப்பது கடினம் போலும்.

எனக்குச் சரியாகப்படுவது ஜப்பானின் ஃபமிட்சு இதழின் பழைய வழக்கம். நான்கு விமர்சகர்கள் ஆளுக்குப் பத்து மதிப்பெண். நான்கும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகும். கூட்டினால் நாற்பதுக்கு ஓர் எண் வரும்தான். ஆனால் 9, 9, 8, 5 என்று பார்க்கும்போது, அந்த ஐந்தைக் கொடுத்தவருக்கு என்ன பிடிக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். கருத்து வேறுபாடு சராசரிக்குள் புதைந்துபோவதில்லை.

எனவே அடுத்த முறை ஒரு பழைய பாணி விளையாட்டை வாங்கும் முன், நான் செய்வதை நீங்களும் செய்து பாருங்கள். மொத்த எண்ணை விட்டுவிட்டு, மிக அதிகம் கொடுத்த ஒருவரையும் மிகக் குறைவாகக் கொடுத்த ஒருவரையும் படியுங்கள். எழுதியவர் அந்தக் காலத்து ஆளா, எவ்வளவு நேரம் விளையாடினார், கடினத்தைப் பற்றி என்ன சொல்கிறார் என்று பாருங்கள். பிறகு அவருடைய குறை உங்களுக்கும் குறைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதுத்தாள் கட்டுரைக்கு ஒரு வாதத்தை எடைபோடும் அதே பழக்கம்தான் இது.

எங்கள் திட்டப்பணிக்கு வருவோம். அப்பா 9 கொடுத்தார் என்று மகிழ்ந்து அப்படியே ஒப்படைத்திருக்கலாம். மாறாக, முதல் குழிக்கு முன்னால் ஒரு சிறிய, ஆபத்தில்லாத பள்ளத்தை வைத்தோம். எழுத்தில் எந்த விளக்கமும் சேர்க்கவில்லை. அந்தப் பள்ளத்தில் விழுந்தால் ஏறி வரலாம். ஏறும்போதே தாவுவது எப்படி என்று கை கற்றுக்கொள்ளும். தம்பியிடம் மறுபடி கொடுத்தேன். இரண்டாம் கட்டம் வரை போய்விட்டு 7 கொடுத்தான்.

அதுவும் அதே 7தான். ஆனால், இந்த முறை அது ஒருவனுடைய கருத்து.