இரத்தக் கொதிப்பும் முதியோர் மறதியும்

ஊரிலுள்ள பெற்றோரை ஆனேக்கலுக்கு அழைத்து வந்து உடன் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே பல. வந்த சில திங்களில் பெரியவர் கடைத்தெருவில் வழி தெரியாமல் நிற்கிறார். சில்லறை எண்ணத் தடுமாறுகிறார். காரணமின்றிக் கண் கலங்குகிறார். “பாஷை தெரியாத ஊர், பழகினால் சரியாகிவிடும்” என்று தேறுதல் சொல்லிக்கொள்கிறோம். சிலர் விஷயத்தில் அது மெய்யே. எல்லார் விஷயத்திலும் அன்று.

மூளையின் இரத்தக் குழாய்கள் கெடுவதனாலும் மறதி நோய் உண்டாகும். அல்சைமர் நோய்க்கு அடுத்தபடியாக மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். பிரதான பாதை அடைபட்டால் ஊருக்கே தெரிந்துவிடும், அதுதான் பக்கவாதம். கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டால் யாருக்கும் உடனே தெரியாது. சரக்கு மட்டும் தாமதிக்கும். பல்லாண்டு இரத்தக் கொதிப்பினாலும் நீரிழிவினாலும் மூளையின் ஆழத்திலுள்ள நுண்குழாய்கள் தடித்து அடைபடும்போது கை கால் விழுவதில்லை, வாய் கோணுவதில்லை. நடை தளர்கிறது, யோசனை மந்தமாகிறது, பேரன் பெயர் நினைவிருக்கும், ஆனால் சமையலில் எதன் பின் எது என்பது குழம்பும். பல சமயங்களில் நோய் படிப்படியாக இறங்கும்: சில காலம் ஒரே நிலை, பிறகு திடீரென ஒரு படி கீழே. அல்சைமரும் இதுவும் ஒருவரிடத்தே கலந்திருப்பதும் உண்டு.

பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதி நோயாளரை ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டனர். ஒரு மொழி மட்டுமே அறிந்தவரைவிட, இரு மொழி பேசுவோர்க்கு நோய் சராசரி நாலரை ஆண்டு பிந்தியே தொடங்கியிருந்தது, எழுத்தறியாதவரிடத்தும் அவ்வாறே. பக்கவாதம் கண்ட 608 பேரை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. சிந்தனைத் திறன் கெடாதிருந்தோர் இரு மொழியாளரில் நூற்றுக்கு 40 பேர். ஒரு மொழியாளரில் 20-க்கும் குறைவு. ஆகவே, அம்மா பக்கத்து வீட்டாரிடம் அரைகுறைக் கன்னடம் பேசினால் சிரிக்காதீர்கள், பேசட்டும். எனினும் மொழி அடைபட்ட குழாயைத் திறந்துவிடாது.

குழாயைக் காப்பது மாத்திரை. இடமாற்றத்தில் முதலில் தவறுவதும் அதுதான். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 5-8-2021 அன்று, நமக்கு அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதன்படி இரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வரும். அங்ஙனம் பெற்று வந்தவர் இங்கு வந்ததும் கையிலுள்ள அட்டை தீர்கிறது. “தலை சுற்றவில்லையே” என்று அவரும் விட்டுவிடுகிறார், மகனும் கேட்பதில்லை. கொதிப்போ வலியின்றி ஏறும்.

அமெரிக்காவில் 9,000-க்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழ் வைக்க முயன்றவரிடம் மறதி நோய்க்கு முந்திய தடுமாற்றம் குறைந்தது. மறதி நோயே குறைந்ததென்று உறுதிப்படவில்லை. எவருக்கு எவ்வளவு குறைக்கலாம் என்பதை டாக்டரே சொல்ல வேண்டும். நாமாக மாத்திரையைக் கூட்டுவது ஆபத்து.

திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ நேரம் பார்த்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணிக்குள் போடவேண்டியது. மெல்ல வரும் தடுமாற்றத்துக்கு ஓசூர்ச் சாலையிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. போகும்போது ஊர் டாக்டரின் பழைய சீட்டையும் காலி மாத்திரை அட்டையையும் மறவாமல் கொண்டுபோங்கள்.