கொழுந்து பறிப்பவளைக் கேட்டவர் யார்?

தேநீர் குடிப்பவனின் மனத்தை அறிய இவ்வுலகம் செலவிட்ட பணத்துக்கு அளவில்லை. 1932ஆம் ஆண்டிலேயே இலங்கையில் தேயிலைப் பிரசார சபை தோன்றிவிட்டது. ஏற்றுமதித் தேயிலைமீது விதித்த வரியைக் கொண்டு அயல்நாடுகளில் தேநீரின் புகழ் பரப்பப்பட்டது. 1950களில் அமெரிக்கத் தேயிலை வணிகர் ஏர்னஸ்ட் டிக்டர் என்னும் உளவியல் ஆராய்ச்சியாளரை நாடினர். தேநீரை நோயாளிக்கும் பெண்டிருக்கும் உரிய பானமென்று அமெரிக்க ஆண்மகன் உள்ளூர எண்ணுவதாக அவர் கண்டுசொன்னார். விளம்பரங்களின் தோரணையே மாறிற்று. கோப்பையை ஏந்துபவனின் கூச்சத்துக்கு இத்துணை மதிப்பு!

அந்தக் கொழுந்தை மடுல்சீமை மலைச்சரிவிலே, பனியிலும் அட்டைக்கடியிலும் நின்று பறிப்பவளின் மனத்தை அறிய அதில் நூறிலொரு பங்கு முயற்சியேனும் நடந்ததுண்டா?

அரசாங்கம் கணக்கெடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தது. 2019ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவின அளவீடு தோட்டத்துறையில் நூற்றுக்கு 33.8 பேர் வறியவர் என்றது. நாட்டின் சராசரியோ 14.3. பயனுள்ள கணக்கே, அதனை நான் குறைகூறவில்லை. ஆயினும் நாடு முழுவதற்கும் தெரிந்தெடுத்த வீடுகள் 25,000. அவற்றுள் மடுல்சீமை லயங்களுக்கு எத்தனை வந்திருக்கும்? 20 ஏக்கர் நிலமும் 10 குடியிருப்புத் தொழிலாளரும் இருந்தாலே அது தோட்டம் என்பது புள்ளிவிபரத்தாரின் வரைவிலக்கணம். எனவே லயத்தை விட்டிறங்கிப் பசறையிலே வாடகை அறையொன்றில் தங்கிக் கூலிவேலை செய்யும் எங்கள் பிள்ளை தோட்டக் கணக்கில் சேரமாட்டான். அரிசிக்கும் மாவுக்கும் என்ன செலவு என்பதைக் கேட்கும் அந்த ஏடு, நீ என்ன விரும்புகிறாய் என்று கேட்பதில்லை.

கடைக்காரர் இவ்விடயத்தில் கெட்டிக்காரர். சம்பளம் போட்ட வாரத்தில் என்ன விற்கும், மாதக் கடைசியில் எது கடன் கொப்பியில் ஏறும் என்பதை அவர் அறிவார். சவர்க்காரக் கம்பனிகள் சிறிய பக்கற்றுகளை மலைக்கு அனுப்புவது தருமத்துக்காக அன்று. எங்கள் மக்களின் மடியிலுள்ள காசை அவை அளந்து வைத்திருக்கின்றன.

அளக்காதவர்கள் நாம்தாம். தொழிலாளர் நாட்சம்பளத்தையே விரும்புகின்றனர் என்கிறது தொழிற்சங்கம். வருமானப் பங்கீட்டு முறையை விரும்புகின்றனர் என்கின்றன தோட்டக் கம்பனிகள். 7 பேர்ச் காணியும் தனிவீடும் போதுமென்று இன்னொருவர் பேசுகிறார். எல்லோரும் அவள் பெயரால் வழக்காடுகின்றனர். அவளைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்தவர் இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவள் பாட்டனின் பிறப்பத்தாட்சியைத்தான் கேட்டது, அவளைக் கேட்கவில்லை. அதே பழக்கம் நண்பர்களையும் தொற்றிக்கொண்டதோ என்று அஞ்சவேண்டியிருக்கிறது.

ஆகவே நாமே வீடு வீடாகக் கேட்டெழுதவேண்டும். தோட்டத்தில் பிறந்து படித்த ஆசிரியரும் இளைஞரும் இதற்கு முன்வரட்டும். சட்டம் கற்றோர் கேள்விகளைத் திருத்தித் தரலாம். விடையை உள்ளே பொதிந்த கேள்வியைத் தன் சாட்சியிடம் கேட்கச் சாட்சியக் கட்டளைச் சட்டம் வழக்கறிஞருக்கு இடங்கொடுப்பதில்லை. “சம்பளமா, காணியா?” என்பது அத்தகைய கேள்வியே, இரண்டையும் வேண்டுபவளின் வாயை அது அடைத்துவிடும். பிரட்டுக் களத்தில் கங்காணியின் கண்முன்னே கேட்டால் வருவது கங்காணியின் விடை. சங்கத் தலைவர் வீட்டு முற்றத்தில் கேட்டால் தலைவரின் விடை. கிடைத்தது எங்கள் தலைமைக்குக் கசப்பாயினும் அதனை முழுவதும் அச்சிட்டாக வேண்டும். இல்லையேல் இம்முயற்சியில் இறங்காதிருப்பதே மேல்.

வெலிமடையில் மரக்கறி பயிரிடும் கமக்காரருக்கும் இதில் அக்கறை இருத்தல் வேண்டும்; லயத்துச் சமையலறையும் அவர்களுடைய சந்தைதானே.

காணி உறுதியை யார் பெயரில் எழுத விரும்புகிறாய் என்பது முதற் கேள்விகளுள் ஒன்றாயிருக்கட்டும். அதனைக் கணவனை அருகில் வைத்துக்கொண்டு கேட்கலாகாது.