பருத்த உடம்பு, பசித்த எலும்பு

எங்கள் ஆவூரில் சில மாதங்களுக்கு முன் ஒரு ஆத்தா விழுந்துவிட்டார். வயது 66. நடவிலும் களையெடுப்பிலும் ஐம்பது வருஷம் குனிந்த முதுகு. விழுந்தது மரத்திலிருந்தல்ல, மாடியிலிருந்தல்ல. சொந்த வீட்டு வாசற்படியில்! படியின் உயரம் அரை அடி. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

கூடி நின்றவர்கள் என்ன சொன்னார்கள்? "உடம்பு பெருத்துப் போச்சு, கால் தாங்கவில்லை" என்றார்கள். "சும்மா கிடைக்கிற அரிசியைத் தின்று உட்கார்ந்தே கிடந்தால் இப்படித்தான்" என்று ஒருவர் கேலியும் பேசினார். வண்டியில் ஏற்றும்போது ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நான் தின்று கொழுத்தவளா? முட்டையைக் கண்ணில் பார்த்து எத்தனை நாளாச்சு தெரியுமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல, பத்தாவது படித்தவன். ஆனால் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. வயிறு பெருத்திருப்பதாலேயே ஒருவர் சத்தோடு இருக்கிறார் என்று ஆகாது. பருத்த உடம்புக்குள்ளேயே தசையும் எலும்பும் பட்டினி கிடக்க முடியும். ஏழை வீட்டு முதியவர்களிடம் இது கண்ணில் படாமலே போய்விடுகிறது.

மூன்றும் ஒன்று சேர்ந்தால்

எலும்பு தேய்வது ஒரு வியாதி. தசை கரைவது இன்னொரு வியாதி. கொழுப்பு சேர்வது மூன்றாவது. தசைக் கரைவுக்கு 1989-ம் வருஷத்தில்தான் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். எலும்புத் தேய்வை எந்த அளவில் வியாதி என்று கொள்வது என்பதை உலக சுகாதார ஸ்தாபனம் 1994-ல் வகுத்துச் சொன்னது. மூன்றும் ஒரே உடம்பில் கூடும் நிலையை 2014-ல் யாஸ்மின்கா இலிச் என்பவரும் அவருடைய சகாக்களும் தனியாக எடுத்துக்காட்டினார்கள். அதற்கு 'ஆஸ்டியோசார்கோபீனிக் ஒபிஸிட்டி' என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, விஷயம் நமக்குத் தெரிந்ததுதான்.

எலும்பும் தசையும் பக்கத்து வயல்கள் போன்றவை. ஒன்றில் தண்ணீர் வற்றினால் மற்றதும் காயும். தசை இழுக்க இழுக்கத்தான் எலும்பு கெட்டிப்படுகிறது. தசை இளைத்தால் எலும்புக்கு வேலை இல்லை; அதுவும் இளைக்கிறது. இளைத்த தசைக்குள் கொழுப்பு புகுந்துகொள்கிறது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் எலும்பை உண்டாக்க வேண்டிய உயிரணுக்கள் வயதான காலத்தில் கொழுப்பணுக்களாக மாறிவிடுகின்றன. வயிற்றுக்குள் திரளும் கொழுப்போ சும்மா இருப்பதில்லை. உடம்பில் ஓயாத அழற்சியை உண்டாக்கித் தசையையும் எலும்பையும் அரிக்கிறது. வெயிலிலிருந்து கிடைக்கும் வைட்டமின் டி சத்தையும் அது தனக்குள் அடக்கிக்கொள்கிறது.

இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால், தராசு எதையும் காட்டாது. ஐந்து கிலோ தசை போய் ஐந்து கிலோ கொழுப்பு வந்தால் எடை அப்படியே இருக்கும். பார்ப்பவர்கள் "தேறிவிட்டாய்" என்பார்கள். சுமக்க வேண்டிய பாரம் அப்படியே. சுமக்கும் கால் மட்டும் இளைத்துவிட்டது. அரை அடி படியில் இடுப்பு முறிவது இப்படித்தான்.

இது பணக்காரர் வியாதியா?

தொந்தி என்றால் பண்ணையாருடையது, மில் முதலாளியுடையது என்று நாம் சித்திரம் போட்டுப் பழகிவிட்டோம். அந்தச் சித்திரம் பழசாகிவிட்டது. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். நாளைக்கு முதியவர்களாகப் போகிறவர்கள் இவர்கள்தான். 2017-18-ல் நாடு முழுவதும் முதியோரிடம் எடுத்த கணக்கில், 60 வயது தாண்டியவர்களில் 100-க்கு 27 பேர் எடை குறைந்தவர்கள், 22 பேர் எடை கூடியவர்கள். ஒரே நாட்டில், பல சமயம் ஒரே தெருவில், இரண்டும் இருக்கின்றன.

காரணம் கருவிலேயே தொடங்குகிறது. புனாவில் டாக்டர் யாஜ்னிக்கும் அவருடைய சகாக்களும் கிராமத்துக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். இங்கே சராசரியாக 2.7 கிலோவில் பிறக்கும் குழந்தையை இங்கிலாந்தில் 3.5 கிலோவில் பிறக்கும் குழந்தையோடு ஒப்பிட்டார்கள். நம் குழந்தையிடம் தசை மிகவும் குறைவு, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. தாய் பட்டினி கிடந்து வேலை செய்தால் பிள்ளை தசைக் கடனோடு பிறக்கிறது. அந்தக் கடனுக்கு வட்டி 60 வயதில் வசூலாகிறது.

பிறகு தட்டைப் பாருங்கள். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி இலவசம். ஒரு லிட்டர் பாமாயில். துவரம்பருப்பு ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவை முப்பது நாளுக்கும் நாலு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் பருப்பு. அதில் புரதம் இரண்டு கிராமுக்கும் குறைவு. வயதானவர்களுக்குக் கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்று மருத்துவ நிபுணர்கள் சொல்கிறார்கள். 55 கிலோ எடையுள்ளவருக்கு 55 கிராம். சோற்றை மலையாகக் குவித்தாலும் இந்தக் கணக்கு நேராகாது. சோறு மிஞ்சினால் கொழுப்பாகும், தசை ஆகாது.

இதைச் சொல்வதால் இலவச அரிசியை எதிர்க்கும் கனவான்களோடு நாம் சேர்ந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். பட்டினிச் சாவைத் தடுத்தது அந்த அரிசி. அது குறையக்கூடாது. அதன் பக்கத்தில் பருப்பும் முட்டையும் வரவேண்டும் என்பதுதான் நம் வாதம்.

"உழைத்தவனுக்குத் தேகப்பயிற்சி எதற்கு?"

சங்கக் கூட்டத்தில் ஒரு தோழர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: உழைப்பு நின்றுவிட்டதே, தோழரே! நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. மில்லில் முப்பது வருஷம் வெயில் படாமல் பஞ்சுத் தூசிக்குள் நின்றவர் ஓய்வுபெற்ற மறுநாளே கட்டிலில் உட்காருகிறார். அன்றாடம் கடுமையாக உழைத்த உடம்பு திடீரென்று நின்றால் தசை வேகமாகக் கரையும். மேலும் வேலை என்பது முதலாளிக்குத் தேவையான அசைவை மட்டும் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரே பக்கம் குனிந்து, ஒரே மூட்டைத் தேய்த்து முடிக்கிறது. உடம்பை வளர்ப்பது அதன் நோக்கமல்ல.

பெண்களுக்கு இன்னொரு பாரமும் உண்டு. மாதவிடாய் நின்றபின் சில வருஷங்களில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. இந்த வயதில் நாளைக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் சொன்னது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சிய சோறும் ரசமும் சாப்பிடும் தாய்க்கு அது எங்கிருந்து வரும்?

ஊசியும் கலர் மாத்திரையும்

ஒரு எச்சரிக்கை. மூட்டுவலி, இடுப்புவலி என்று போனால், ஊர் ஊராக வரும் போலி வைத்தியர்கள் ஒரு ஊசி போடுவார்கள், பெயரில்லாத பொட்டலத்தில் மாத்திரை தருவார்கள். வலி மந்திரம் போட்டதுபோல் பறந்துவிடும். முகம் உப்பி, "உடம்பு தேறியது" என்றும் தோன்றும். அப்படிப்பட்ட பொட்டலங்களில் ஸ்டீராய்டு மருந்து இருப்பதுண்டு. டாக்டர் கண்காணிப்பில், தேவைக்கு, அது நல்ல மருந்துதான். கண்காணிப்பின்றி மாதக்கணக்கில் தின்றால் எலும்பைத் தேய்க்கும், தசையைக் கரைக்கும், வயிற்றில் கொழுப்பைக் குவிக்கும். மூன்று கேட்டையும் ஒரே மாத்திரை செய்துவிடும்! ஏற்கெனவே பல நாளாக இப்படிச் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அதுவும் ஆபத்து. பொட்டலத்தோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும்.

வயதானால் இப்படித்தானா?

"விதி, வயது, என்ன செய்வது?" என்று சொல்வது சுலபம். 1990-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு சோதனை நடந்தது. சேர்ந்தவர்கள் பத்துப் பேர். சராசரி வயது 90. எட்டு வாரம், டாக்டர்களின் மேற்பார்வையில் காலால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் தசையின் பலம் சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. தொண்ணூறு வயதில் தசை வளருமானால், அறுபதில் விதியின் பேச்சு எதற்கு?

இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 விநாடி அல்லது அதற்குமேல் ஆனால் தசை பலம் குறைந்திருக்கலாம் என்று ஆசிய நாடுகளின் நிபுணர்கள் 2019-ல் அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு நாடாவால் இடுப்பையும் அளக்கலாம். ஆணுக்கு 90 செண்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 செண்டிமீட்டரும் எல்லை. எழுந்திருப்பது மெதுவாகி, இடுப்பும் பெருத்திருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு தடவை சாப்பிடும் மாத்திரையும், வருஷம் ஒரு தடவை போடும் ஊசியும் வந்துவிட்டன.

பயிற்சிக்குச் செலவில்லை. அதே நாற்காலியில் பத்துத் தடவை எழுந்து உட்காருவது. தூணைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது. சுவரைக் கையால் தள்ளுவது. தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவது. வாரம் மூன்று நாள் போதும். மற்ற நாட்களில் வெயிலில் நடை. இருதயக் கோளாறு, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் கேட்டுக்கொண்டு தொடங்கட்டும்.

இன்னொன்று: எடை குறையவேண்டும் என்று பட்டினி கிடக்கக் கூடாது. பட்டினியில் கொழுப்போடு தசையும் எலும்பும் சேர்ந்தே போகும். சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் கொள்ளு, நம் மாவட்டத்துக் கடலை, முட்டை, மீன், மோர் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். சிறுநீரக வியாதி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யட்டும். கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் பத்துப் பதினைந்துகூடத் தேறாது.

நம் கோரிக்கைகள்

முதியோர் பென்ஷன் தமிழ்நாட்டில் 1962-ல் தொடங்கியது. 2023-ல் அதை ரூ. 1,200 ஆக்கினார்கள். இதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய சர்க்காரின் பங்கு ரூ. 200 என்று வைத்தார்கள். பிறகு எத்தனையோ பட்ஜெட் போட்டும் பல வருஷம் அந்த 200 அசையவில்லை. ஒருவர் தினம் ஒரு முட்டை வாங்கினாலே அந்த 200 தீர்ந்துவிடும்! ஓய்வுபெற்ற மில் தொழிலாளியின் பி.எப். பென்ஷனுக்கு 2014-ல் வைத்த குறைந்தபட்சத் தொகை ரூ. 1,000. ஆகவே நாம் கேட்க வேண்டியவை:

1. ரேஷனில் அரிசியைக் குறைக்காமல் பருப்பைக் கூட்ட வேண்டும். முதியவர் உள்ள கார்டுக்குக் கேழ்வரகும் கடலையும் சேர்க்க வேண்டும்.

2. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவில் முட்டை கொடுக்கும் ராஜ்யம் இது. பென்ஷன் வாங்கும் முதியவருக்கும் முட்டை கொடுக்க வேண்டும்.

3. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி உண்டு. விழுந்தபின் வருவது மட்டும் போதாது. விழுமுன்னே தசை பலத்தையும் சோதிக்க வேண்டும்.

4. எலும்பின் அடர்த்தியை அளக்கும் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் ஏழைக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

5. ஐந்து வருஷமாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்து வயதாகி ஓய்வுபெற்றவர்கள் வருஷம் ரூ. 120 கட்டினால் தங்களுக்கும் துணைக்கும் வைத்தியம் கிடைக்கும். பலருக்கு இது தெரியாது. ஒவ்வொரு மில் சங்கமும் ஓய்வுபெறும் தொழிலாளி கேட்டைத் தாண்டுமுன் இந்த மனுவை எழுதிக் கொடுக்க வேண்டும்.

மனு எழுதினால் மட்டும் தசை வளராது. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் மட்டும் பருப்பு வராது. இரண்டையும் சேர்த்துச் செய்வோம். வாரம் மூன்று நாள் சங்கக் கட்டிடத்தின் வாசலில் வயதானவர்கள் கூடட்டும். "கிழவிகள் கசரத் எடுக்கிறார்கள்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! 1991-ல் அறிவொளி இயக்கத்தின்போது நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் ஏறினார்கள். கல்லுடைத்த பெண்களும் வயலில் வேலை செய்த பெண்களும் ஏறினார்கள். அன்றும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஓய்ந்துபோனார்கள், சைக்கிள் ஓடியது. அன்று முப்பது வயதில் சைக்கிள் மிதித்த கால்களுக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது.

அந்தக் கால்கள் அரை அடி வாசற்படியில் தோற்கக் கூடாது.