ஊரே முன்நின்று காக்கட்டும்!

பள்ளிக்கு வாராது நின்றுவிட்ட சிறுவனை முதலில் அறிபவர் அவன் ஆசிரியர். அவன் தாய் நோயுற்றுக் கிடப்பதை ஊர்ச் செவிலி அறிவார். கடனுக்காக அவனைச் செங்கற் சூளைக்கு அனுப்பவிருப்பதோ அண்டை வீட்டார்க்கே தெரியும். இவர்கள் ஒருங்கமர்ந்து பேசினால் அச்சிறுவன் பிழைப்பான். இதற்கென்றே ஊராட்சித் தலைவரை முதலாகக் கொண்ட குழந்தைகள் காப்புக் குழுக்கள் சிற்றூர்களுக்கு வகுக்கப்பட்டன. எத்தனை ஊர்களில் அவை கூடுகின்றன?

2009-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்திற்கு இன்று 'மிசன் வாத்சல்யா' என்று பெயர். செலவில் நூற்றுக்கு 60 பங்கு நடுவணரசு தருகிறதாம்; ஆகவே பெயரும் அதனுடையதாம்! (அந்த அறுபதும் யார் வரிப்பணம்?) பெயரை மாற்றலாகாது, ஆனால் பிழையின்றி மொழிபெயர்த்துக் கொள்ளலாம் என்பது 2022-ஆம் ஆண்டு நெறிமுறை. அவ்வாய்ப்பையும் நழுவவிட்டு, வடசொல்லையே தமிழெழுத்தில் எழுதி அறிவிப்பு ஒட்டுகின்றனர் நம் அலுவலர். 'மகப்பரிவுத் திட்டம்' என்றெழுதக் கை கூசுகிறதா?

சிற்றூரில் ஆண்டு வருவாய் 72,000 உருபாவிற்கு மேற்படாத குடும்பமாயின், கணவனை இழந்த தாயின் பிள்ளைக்குத் திங்கள்தோறும் 4,000 உருபா வளர்ப்புதவி பெற அத்திட்டத்தில் இடமுண்டு. வாயில் நுழையாத பெயரைச் சொல்லி அதனை அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

மாவட்ட அலுவலகம் கட்டளையிட ஊர் கைகட்டி நிற்கும் முறை ஒழிக! ஊர்க்குழு முடிவெடுக்க, பள்ளியும் நலத்துறையும் காவல்துறையும் துணை நிற்கட்டும். குழுவின் குறிப்பேடும் வேண்டுகைப் படிவமும் நல்ல தமிழில் அமையட்டும். அன்பர்களே, உங்கள் ஊர்க்குழு அடுத்து என்று கூடுகிறதென ஊராட்சி அலுவலகத்தில் இத்திங்களே கேளுங்கள்.