சென்னை வானொலிக்கு வேண்டியது புதுப் பாட்டா, புதுக் காதா?

சென்னைப் பட்டணத்தில் வானொலி இளைத்துப் போய்விட்டது என்றும், கேட்பாரைக் காணோம் என்றும், ஏதாவது புது மாதிரியான சங்கீத நிகழ்ச்சி கண்டுபிடித்துக் கொடுத்தால் ஒருவேளை பிழைத்துக்கொள்ளும் என்றும் சில காலமாகப் பலர் பேசி வருகிறார்கள். இளைத்ததற்குக் கைபேசிதான் காரணம் என்கிறார் ஒருவர். விளம்பரக்காரன் வேறு கடைக்குப் போய்விட்டான் என்கிறார் மற்றொருவர். பழைய பாட்டை இன்னும் கொஞ்சம் பழையதாகப் போடு, புதுப் பாட்டை இன்னும் கொஞ்சம் வேகமாகப் போடு என்று வைத்தியம் சொல்லுகிறார்கள் நிபுணர்கள். இது நாடியைப் பிடித்துப் பார்க்காமலே கஷாயம் காய்ச்சுகிற வைத்தியமாகும்.

நாம் கேட்பது ஒரே கேள்விதான். இந்தப் பட்டணத்தில் காசிமேட்டில் வலை இழுக்கிறவனும், கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவனும், விடியுமுன் தெருக்கூட்டுகிறவளும், இரவெல்லாம் ஆட்டோ ஓட்டுகிறவனும் தங்கள் வீட்டு நல்லதிலும் கெட்டதிலும் என்ன பாட்டுப் பாடுகிறார்களோ, அந்தப் பாட்டுக்கு வானொலியில் எத்தனை மணி நேரம் கொடுத்தீர்கள்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் சங்கீதத்தை எப்படிப் புதுமாதிரியாக்கினாலும் அது பழைய கள்ளாகத்தான் இருக்குமே தவிர வேறில்லை.

கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம். 1924-இல் சென்னையில் சிலர் கூடி ஒரு வானொலிக் கழகம் வைத்தார்கள். பணமில்லாமல் அது நின்றது. 1930-இல் சென்னை நகரசபையே ஒலிபரப்பை எடுத்து நடத்திற்று. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ள யோக்கியதை இல்லாத ஏழைகளும் கேட்கட்டும் என்று கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். வானொலி பொதுச் சொத்து என்கிற எண்ணம் அன்றைக்குக் கொஞ்சமாவது இருந்தது. 1938 ஜூன் மாதம் அகில இந்திய வானொலி அதை ஏற்றுக்கொண்டது. அது முதற்கொண்டு எது சங்கீதம், எது சங்கீதமல்ல என்று தீர்ப்புச் சொல்லுகிற உத்தியோகம் ஒன்று ஏற்பட்டுவிட்டது.

அந்த உத்தியோகம் முதலில் என்ன செய்தது தெரியுமா? 1940-இல் ஆர்மோனியத்துக்கு வானொலியில் தடை போட்டது. அது சுருதிக்கு ஒத்துவராத அயல்நாட்டுப் பெட்டி என்பது காரணம். நாடகக் கொட்டகையில் ஆர்மோனியம் வாசித்தே வயிறு வளர்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்களே, அவர்கள் கதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. இந்தத் தடை ஏறக்குறைய முப்பது வருஷ காலம் நீடித்தது. அயல்நாட்டு வயலின் மாத்திரம் எப்படிச் சுதேசியாயிற்று என்றால், அது சபா மேடை ஏறிவிட்டது. ஆர்மோனியமோ கூத்து மேடையிலேயே நின்றுவிட்டது. வேறு வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை.

பிறகு 1952-இல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த கேஸ்கர் அவர்கள் சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்கிறது என்று கருதி, அதை வானொலியிலிருந்து ஏறக்குறைய விரட்டியே விட்டார். பாடுகிறவர்களுக்குப் பரீட்சை வைத்து, பி, பி-ஹை, ஏ, டாப் என்று வகுப்புப் பிரித்து, வகுப்புக்குத் தகுந்தபடி கூலி என்று ஏற்படுத்தியதும் அவர் காலத்தில்தான். ஜனங்கள் திருந்தினார்களா? இல்லை. பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள், கொழும்பிலிருந்து இலங்கை வானொலி பாடிற்று, அதைக் கேட்டார்கள். விளம்பரப் பணமும் கடல் தாண்டிப் போயிற்று. கடைசியில் 1957 அக்டோபரில் 'விவித் பாரதி' என்று ஒன்றை ஆரம்பித்து, விரட்டிய பாட்டையே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். ஜனங்களைப் பார்த்து 'உன் காது மட்டமான காது' என்று சொன்ன வானொலி, அந்த ஜனங்களிடமே திரும்பி வந்து கைகட்டி நின்றது. இந்தப் பாடத்தை யாரும் படித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நிற்க, தனியார் வந்தால் கதவு திறக்கும் என்றார்கள். இந்தியாவிலேயே முதல் முதலாக எஃப்.எம். ஒலிபரப்பு 1977-இல் சென்னையில்தான் தொடங்கிற்று. 2003-இல் தனியார் நிலையங்களும் வந்தன. வந்து என்ன கண்டோம்? எந்த முள்ளைத் திருப்பினாலும் சினிமாப் பாட்டு. அறிவிப்பாளர் மாறுவார், பாட்டு மாறாது. நடுவில் ராசிபலன்!

இது அந்த நிலையங்களில் வேலை செய்கிறவர்களின் புத்திக் குறைவால் வந்ததல்ல. சர்க்கார் அலைவரிசையை ஏலம் போட்டது. முதலில் வருஷந்தோறும் நூற்றுக்குப் பதினைந்து வீதம் ஏறுகிற கட்டணம் வைத்தது. பலருக்குக் கழுத்து நெரிந்த பிறகு 2005-இல் வருமானத்தில் நூற்றுக்கு நான்கு என்று மாற்றிற்று. இவ்வளவும் கட்டிவிட்டு, சொந்தமாகச் செய்தி திரட்டிச் சொல்லவும் தனியாருக்கு உரிமையில்லை. பாட்டைத் தவிர விற்கச் சரக்கில்லாதவன், அதிகம் பேர் முன்னமே கேட்டுப் பழகிய பாட்டைத்தானே விற்பான்? ஆகவே ஒரு பக்கம் சபா என்னும் கதவு, மற்றொரு பக்கம் சினிமாக் கொட்டகை என்னும் கதவு. இரண்டுக்கும் வெளியே தெருவில் நிற்கிறது இந்தப் பட்டணத்தின் சொந்தப் பாட்டு.

'கிராமியப் பாடல் என்று நாங்கள் நேரம் ஒதுக்கவில்லையா?' என்று சர்க்கார் நிலையத்தார் கேட்கலாம். ஒதுக்கினீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. விருந்தில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு புழக்கடையில் இலை போடுவதும் சோறு போடுவதுதான். ஆனால் அதற்குப் பெயர் விருந்தாகுமா என்றுதான் கேட்கிறோம்.

இனி, இளைத்த வானொலி ஒன்று பிழைத்த கதையைச் சொல்லுகிறோம். அமெரிக்காவில் மெம்பிஸ் என்றொரு பட்டணம். அங்கே 1947-இல் இரண்டு வெள்ளைக்காரர்கள் டபிள்யூ.டி.ஐ.ஏ. என்ற சிறு வானொலி நிலையம் ஆரம்பித்தார்கள். மற்ற நிலையங்கள் போட்ட பாட்டையே இவர்களும் போட்டார்கள், நஷ்டப்பட்டார்கள். அந்தப் பட்டணத்து ஜனங்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கறுப்பு மக்கள். ஆனால் அவர்களுக்கென்று எந்த நிலையமும் பேசவில்லை. வேறு வழியில்லாமல் 1948 அக்டோபரில் நாட் வில்லியம்ஸ் என்கிற கறுப்புப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அழைத்துவந்து ஒலிவாங்கி முன் உட்கார வைத்தார்கள். அவர் தன் ஜனங்களின் பாட்டைப் போட்டார். தன் ஜனங்களின் பேச்சில் பேசினார். அடுத்த வருஷத்துக்குள் நிகழ்ச்சி முழுவதுமே கறுப்பு மக்களுக்கானதாக மாறிற்று. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பி.பி.கிங் அந்த நிலையத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்தான். 250 வாட் சக்தியோடு ஆரம்பித்த நிலையம் 1954-இல் 50,000 வாட் சக்தி பெற்றது.

அந்த முதலாளிகள் தர்மத்துக்காக இதைச் செய்தார்கள் என்று நாம் ஏமாறவில்லை. லாபத்துக்காகத்தான் செய்தார்கள், நிலையமும் வெள்ளைக்காரன் கையில்தான் இருந்தது. ஆயினும் இதிலிருந்து விளங்குவதென்ன? யாரைக் கேட்கத் தகுதியில்லாதவன் என்று ஒதுக்கினார்களோ, அவன்தான் நிலையத்தைத் தூக்கி நிறுத்தினான் என்பதல்லவா? 'அந்தப் பாட்டைப் போட்டால் விளம்பரம் வராது' என்கிற வாதம் எழுபது வருஷத்துக்கு முன்பே செத்துப்போன வாதமாகும்.

ஆகவே நாம் சென்னைக்கு ஒரு நிகழ்ச்சி முறை சொல்லுகிறோம். பொழுதை ராகத்தைக் கொண்டு பிரிக்க வேண்டாம். ஜனங்கள் செய்கிற வேலையைக் கொண்டு பிரியுங்கள்.

விடியற்காலை நான்கு மணிக்கு விழித்திருப்பவர்கள் யார்? மீன் பிடிக்கிறவர்களும், சந்தைத் தொழிலாளிகளும், துப்புரவுத் தொழிலாளிகளும். அந்த நேரம் அவர்களுடையது. கடலின் நிலை, காற்றின் வேகம், மீன் விலை, காய்கறி விலை. இவற்றினிடையே கடற்கரைக் குப்பத்துப் பாட்டு. காலையில் நாதசுரமும் தவிலும் வரட்டும். 'மங்கள இசை' என்று சாமி எழுப்பவும் தாலி கட்டவும் மாத்திரமல்ல, வாசிக்கிறவர் பெயரும் ஊரும் சொல்லி, அவர் வித்தையை விளக்கி, முழுக் கச்சேரியாக வரட்டும். பகலில் பெண்கள் பாட்டு: தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி. அதைப் பாடகிகளைக் கொண்டு மெருகேற்றாமல், பாடுகிற பெண்களே வந்து பாடட்டும்.

மாலையில் கானா. வடசென்னையில் சாவு வீட்டில் பிறந்து, 1990-களில் தேவா அவர்களால் சினிமாவில் புகுந்து பெயர் வாங்கிய பாட்டு அது. சினிமாக்காரன் எடுத்துப் போட்டால் வானொலியில் வருகிறது. பாடின தெருக்காரனே வந்து பாடினால் வருவதில்லை என்பது என்ன நியாயம்? 2018 ஜனவரியில் ஜாதிபேதமற்ற தமிழர் என்று அயோத்திதாசர் சொன்னதைத் தழுவிப் பெயர் வைத்துக்கொண்டு 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு சென்னையில் மேடை ஏறிற்று. 2020 முதல் 'மார்கழியில் மக்களிசை' என்று விழா நடக்கிறது. கூட்டம் கூடுகிறது. ஆகவே கேட்க ஆளில்லை என்ற பேச்சுக்கு இடமேயில்லை.

இரவில் ஒரு மணி நேரம் இந்தப் பட்டணத்தில் கட்டிடமும் ரயில் பாதையும் கட்ட வந்திருக்கிற பீகார், ஒரிசா, அஸ்ஸாம் தொழிலாளிகளுக்கு, அவர்கள் ஊர்ப் பாட்டு. ஹிந்தியை எதிர்த்தவர்கள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்களானால், நாம் எதிர்த்தது அதிகாரத்தில் இருப்பவன் நம் தலையில் ஒரு பாஷையைச் சுமத்துவதையே. நமக்குச் சுவரெழுப்புகிற தொழிலாளி தன் தாய் பாடின போஜ்புரிப் பாட்டைக் கேட்பதையல்ல.

சபா சங்கீதத்தை ஒழிக்கச் சொல்லுகிறோமா? இல்லை. அதற்கும் நேரம் உண்டு; அதிலும் தமிழ்ப் பாட்டு உண்டு. தமிழ்நாட்டில் தமிழில் பாடு என்று கேட்பதற்கே 1943-இல் ஒரு சங்கம் வைக்க வேண்டியிருந்த வெட்கக்கேட்டை நாம் மறக்கவில்லை. அதுவும் ஒரு சங்கீதம். அதுவே சங்கீதம் அல்ல. இதுதான் நமது அபிப்பிராயம்.

இதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். ஒன்று, பறை வாசிக்கிறவருக்கும் மிருதங்கம் வாசிக்கிறவருக்கும் ஒரே கூலி. இரண்டு, எந்தப் பாட்டுக்குப் பரீட்சையோ அந்தப் பாட்டை அறிந்தவர்களே பரீட்சகர்கள். ஒப்பாரிக்கு மார்க்குப் போட வித்துவானுக்கு யோக்கியதை கிடையாது. மூன்று, எந்த ஜாதியையும், எந்தப் பெண்ணையும் இழிவு செய்கிற பாட்டுக்கு இடமில்லை. கானாவில் பெண்களை ஏசுகிற பாட்டு இல்லையா என்றால், இருக்கிறது. அதை மூடி மறைக்க மாட்டோம். ஆனால் அந்தக் கத்தரிக்கோல் சினிமாப் பாட்டையும், பக்தியின் பேரால் பாடப்படுகிற சிருங்காரப் பதங்களையும் அதே அளவு வெட்ட வேண்டும்.

கடைசியாக, நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. 'பறை அடிமைச் சின்னமாயிற்றே, அதை விட்டொழி என்று நாம்தானே சொன்னோம். இப்போது வானொலியில் முழக்கச் சொல்லுகிறீர்களே' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். சொன்னது மெய், அது சரியும்கூட. சாவு வீட்டுக்கு இன்ன ஜாதியான் வந்து அடித்தே தீரவேண்டும், அதற்கு அவன் கூலி கேட்கவும் கூடாது என்று இருந்த போது, கோலைக் கீழே போடு என்றதுதான் சுயமரியாதை. இன்றைக்கோ அவன் தானே விரும்பி, தன் பெயர் சொல்லி, சரிசமமான கூலி வாங்கி, மேடையில் நின்று முழக்குகிறான். அன்று கோலைக் கீழே போட்டதும் இன்று கையில் எடுப்பதும் ஒரே சுயமரியாதையின் இரண்டு காரியங்களேயாகும். 2025-இல் மத்திய சர்க்காரே மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்குப் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. பட்டம் கொடுத்தாயிற்று; நேரம் எங்கே என்றுதான் கேட்கிறோம்.

இவையெல்லாம் நடக்கக்கூடியதா என்று சந்தேகப்படுகிறவர்கள் தெலுங்கானாவைப் பார்க்கட்டும். அங்கே 2008 முதல் 'சங்கம் ரேடியோ' என்று ஒரு சமுதாய வானொலி நடக்கிறது. அதை நடத்துகிறவர்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கிராமத்துப் பெண்கள். தங்கள் பாட்டையும், தங்கள் விவசாயத்தையும், தங்கள் பேச்சிலேயே ஒலிபரப்புகிறார்கள். அவர்களுக்கு முடிந்த காரியம், இவ்வளவு கட்டிடமும் கருவியும் சம்பளமும் உள்ள சென்னை நிலையத்துக்கு முடியாது என்றால், இல்லாதது பணமல்ல, மனமே.

தோழர்களே! 2023-இல் அகில இந்திய வானொலி என்ற பெயரை ஆகாசவாணி என்றே இனிச் சொல்லவேண்டும் என்று உத்தரவு போடப்பட்டது. பெயர்ப் பலகையை மாற்ற ஒரு உத்தரவு போதுமாயிருந்தது. பாடுகிறவனை மாற்ற மாத்திரம் யாருக்கும் கை வரவில்லை. ஆகாயத்தில் போகிற அலைக்கு ஜாதி கிடையாது. அது யார் குடிசையிலும் தீட்டில்லாமல் நுழைகிறது. ஜாதி இருப்பது ஒலிவாங்கி வைத்திருக்கிற அறையின் வாசலில்தான். அந்த வாசலைத் திறந்தால் வானொலி பிழைக்கும். திறக்காவிட்டால், ஜனங்கள் அன்றைக்குக் கொழும்புக்கு முள்ளைத் திருப்பினது போல் இன்றைக்குக் கைபேசியின் பக்கம் திரும்பினவர்கள் திரும்பினவர்களாகவே இருப்பார்கள்; அவர்கள் பேரில் குற்றம் சொல்ல யாருக்கும் பாத்தியதை இல்லை.