வயர்ஷார்க்கைத் திறவுங்கள், தோழர்களே!



2022 நவம்பரில் சைபர் தாக்குதலால் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. ஊர் ஊராகக் கடந்து வந்த நோயாளிகள் வரிசையில் நிற்க, பதிவும் பில்லும் பரிசோதனை முடிவும் மீண்டும் கையால் எழுதும் முறைக்குப் போயின. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது.

அப்படிப் பிரிப்பது நெட்வொர்க்கிங்கின் பாலபாடம்! சப்நெட், வி-லேன், ஒரு பிரிவுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே யார் யாரோடு பேசலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வால் விதி. நம் ஊர் கிளினிக்குகளிலும் சிறிய பள்ளிகளிலும் பட்டறைகளிலும் கணினிகளைக் கட்டி மேய்ப்பவர்கள் நாம்தான். வரவேற்பறைக் கணினி, சிசிடிவி, பில்லிங் சர்வர், விருந்தினர் வைஃபை, எல்லாமே 192.168.1 என்ற ஒரே வரிசையில் கிடப்பதை நாம் பார்த்ததில்லையா? வரவேற்பறையில் ஒருவர் தவறான இணைப்பைத் திறந்தால் போதும். அங்கிருந்து பில்லிங் சர்வர் வரை தடுக்க ஒன்றுமே இல்லை.

2017 மே 12 அன்று வானாக்ரை என்ற தீநிரலும் இப்படித் தடையின்றித்தான் பரவியது. 445-ஆம் போர்ட் திறந்திருந்த விண்டோஸ் கணினிகளைத் தேடித் தேடி, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே தாவியது. அதை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம் இருந்தும் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் ரத்தாயின.

ஆகவே இன்றிரவே தொடங்குங்கள். பழைய லேப்டாப் போதும். நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் இலவசம். அதை ஓடவிட்டு, உங்கள் ரூட்டருக்கு ஒரு பிங் அனுப்புங்கள். முதலில் ஓர் ஏஆர்பி கேள்வி போகலாம்: "இந்த ஐபி யாருடையது?" யார் பதில் சொன்னாலும் கணினி நம்பிவிடும். 1982-இல் எழுதப்பட்ட அந்த நெறிமுறையில் பதில் சொல்பவர் யார் என்று சரிபார்க்க வழியே இல்லை. நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்பவன் அந்த நம்பிக்கையைத்தான் பிடித்துக்கொள்கிறான். அடுத்து ஓர் இணையதளத்தைத் திறந்து, டிசிபியின் மூன்று படிகளைக் கண்ணால் பாருங்கள்: சின், சின்-ஆக், ஆக். இதை நன்றாகப் பார்த்துப் பழகியவருக்கு, ஒரு கணினி மட்டும் நூற்றுக்கணக்கான முகவரிகளின் 445-ஐ நோக்கி வெறும் சின்களாக வீசிக்கொண்டிருந்தால் உடனே உறைக்கும். அந்தக் கேபிளை அப்போதே பிடுங்கலாம்.

சான்றிதழ் தேர்வுக்கு டம்ப் மனப்பாடம் செய்யும் தோழர்களிடம் உரிமையோடு சொல்கிறேன்: நள்ளிரவில் சர்வர் விழும்போது அந்த விடைகள் எழுந்து வராது. முதல் நாளே காளி லினக்ஸை நிறுவி எதையாவது உடைக்கத் துடிப்பதும் வேண்டாம். சப்நெட்டைக் கையால் கணக்குப் போடுங்கள். டிஎன்எஸ் கேள்வி எங்கெங்கே போய்த் திரும்புகிறது என்று பின்தொடருங்கள். வர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு மெஷின்களை ஏற்றி, ஒன்றில் ஃபயர்வால் விதி எழுதி, மற்றதிலிருந்து என்மேப் ஓட்டி அது நிற்கிறதா என்று சோதியுங்கள். அடுத்தவர் நெட்வொர்க்கில் அனுமதியின்றி நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகள் பாயும். நம் பயிற்சி நம் மெஷின்களோடு நிற்கட்டும்.

நாளை காலை வேலைக்குப் போனதும் பொறுப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். எந்த மெஷின் எந்த ஸ்விட்சில், எந்தப் போர்ட் யாருக்காகத் திறந்திருக்கிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். சிசிடிவி பெட்டியின் பாஸ்வேர்ட் ஆலையிலிருந்து வந்தபடியே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத அத்தகைய பாஸ்வேர்ட்களை வைத்தே கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் வளைத்தது. வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் அது ஏன் தேவை என்று எழுதுங்கள். காரணம் எழுத முடியாத கோடுகளை, பொறுப்பாளர் ஒப்புதலோடு, ஒவ்வொன்றாக மூடுங்கள். முகவரிகளையும் நிறுவனத்தின் பெயரையும் மறைத்துவிட்டு, நீங்கள் தடுமாறிய இடத்தைப் பக்கத்துத் தோழரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் தடுமாறினால் இருவருமாக உட்கார்ந்து பாக்கெட்டைப் பாருங்கள்.