காகமும் பனம்பழமும்

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பது நம்மவர் பழமொழி. இரு நிகழ்ச்சிகள் ஒருங்கே நிகழ்ந்தமையால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்பது அதன் கருத்து. பனையடியில் இதனை ஒப்புக்கொள்ளும் நாம், நோயையும் மருந்தையும் பற்றிப் பேசும்போது மறந்துவிடுகிறோம். அம்மறதி சில வேளைகளில் உயிருக்கே உலைவைக்கும்.

கரட், கீரை முதலியவற்றில் பீற்றா கரோட்டீன் என்னுஞ் சத்து உண்டு. இவற்றை மிகுதியாக உண்போருக்கு நுரையீரற் புற்றுநோய் குறைவாகவே வருகிறது என்று பல நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டனர். அங்ஙனமாயின், அச்சத்தைக் குளிசையாக்கிக் கொடுத்து நோயைத் தடுக்கலாமன்றோ?

இதனைச் சோதிக்கப் பின்லாந்து நாட்டில் 1985ஆம் ஆண்டில் ஒரு பெரும் முயற்சி தொடங்கிற்று. 50 முதல் 69 வரை வயதுடைய, புகைப்பழக்கமுள்ள ஆடவர் 29,133 பேர் அதிற் பங்குபற்றினர். யாருக்கு எக்குளிசை என்பதை வைத்தியர் தெரிவுசெய்யவில்லை. திருவுளச்சீட்டுப் போடுவதுபோல விதிக்கப்பட்டது. ஒரு பாதியினர் நாள்தோறும் 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டீன் உண்டனர். மறு பாதியினரின் குளிசையில் அச்சத்து இல்லை.

1994ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு யாவரையும் திகைக்கவைத்தது. கரோட்டீன் உண்டவரிடையே நுரையீரற் புற்றுநோய் 18 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது! அமெரிக்காவிலும் புகைப்போருக்கும் அஸ்பெஸ்ரோஸ் தொழிலாளருக்கும் இச்சத்தை உயிர்ச்சத்து ஏயுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். அங்கும் தீங்கே தென்பட்டமையால், 1996ஆம் ஆண்டில் அச்சோதனை இடையில் நிறுத்தப்பட்டது.

அப்படியாயின் முன்பு கண்டது பொய்யா? அன்று. கீரையும் காய்கறியும் விரும்பி உண்போர் பொதுவாகப் புகையைக் குறைவாக நாடுவர். வேறு பல நற்பழக்கங்களும் அவர்களிடம் இருக்கும். காய்கறியிலோ வேறு சத்துக்களும் பல உள. நன்மை எதனால் விளைந்தது என்று வெறும் பார்வையாற் பிரித்தறிதல் அரிது. சீட்டுப்போட்டுப் பிரித்தாலோ, வயது, செல்வம், பழக்கம் ஆகிய வேற்றுமைகளும், நாம் அறியாத பிறவும், இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடுகின்றன. பின்னர் எஞ்சும் பெரிய வேறுபாட்டைக் குளிசையின் விளைவெனக் கொள்ளலாம்.

ஆனால், எவரையும் சீட்டுப்போட்டுப் புகைக்கச் செய்தல் அறமாகாது. ஆதலால் இங்கிலாந்திலே டொல், ஹில் என்னும் அறிஞர் இருவரும் 1951ஆம் ஆண்டு முதல் வைத்தியர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்து, அவர்கள் எந்நோயால் இறந்தனர் என்பதைத் தொடர்ந்து கவனித்தனர். புகை மிகுந்தோரிடம் நுரையீரற் புற்றுநோய் மிகுந்தது, விட்டோரிடம் குறைந்தது. வேறு எக்காரணம் காட்டியும் இதனை விளக்க இயலவில்லை.

மாணவர்களே, இதை உண்டால் அந்நோய் அணுகாது என்று எவரேனும் கூறின், உண்டவரும் உண்ணாதவரும் ஏனையவற்றில் ஒத்தவர்தாமா என்று கேளுங்கள். தக்க விடை கிடைக்கும்வரை, கரட்டை உண்ணலாம், குளிசைக்கு அவசரமில்லை.